காக்கா ஆழி: எண்ணூர் ஆத்தை மூடும் அந்நியச் சிப்பி

(இணைய அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மீன் குறைஞ்சதுக்கு மீனவங்கதான் காரணம், அளவுக்கு மீறி பிடிச்சுட்டாங்க"னு கமெண்ட்ல எழுதுறவங்களை நீங்க தினமும் பார்த்திருப்பீங்க. அவங்களை ஒருமுறை எண்ணூர் முகத்துவாரத்துக்கு வரச் சொல்லுங்க. கொசஸ்தலை ஆத்துல கால் வச்சா சேறு தட்டுப்படாது, சிப்பிதான் குத்தும். நம்ம மக்கள் அதுக்கு வச்ச பேரு காக்கா ஆழி. அறிவியல் பேரு மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள்.

அது எப்படி இங்க வந்துச்சு? கப்பல் மூலமாத்தான் வந்திருக்கணும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கப்பல் சமநிலைக்காக ஒரு துறைமுகத்துல ஏத்துற தண்ணியை இன்னொரு துறைமுகத்துல கொட்டுது. அந்தத் தண்ணியில, கப்பலோட அடிப்பகுதியில சிப்பியும் குஞ்சும் சேர்ந்தே வருது. இதைக் கட்டுப்படுத்த 2004-ல உருவான சர்வதேச ஒப்பந்தம் 2017-லதான் நடைமுறைக்கே வந்துச்சு.

வந்த சிப்பி இங்க ஏன் இவ்வளவு பெருகுச்சுங்கிறதுதான் முக்கியம். மழைக்காலத்துல உப்பு குறைஞ்சாலும், கோடையில ஏறினாலும் அது தாங்கும். அனல்மின் நிலையச் சுடுதண்ணி, சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்துல பரவின எண்ணெய்னு ஏற்கெனவே அடிபட்ட ஆறு இது. நம்ம ஊர் உயிரினங்கள் பலவீனமா நிக்கிற இடத்துல, எதையும் தாங்குற வெளியூர் சிப்பி பாய் விரிச்ச மாதிரி படர்ந்துடுச்சு.

இறால் சேத்துல புதைஞ்சு வாழுற உயிர். மேல சிப்பி மூடிட்டா அது எங்க போகும்? மஞ்ச மட்டிக்கும் அதே கதிதான். தண்ணிக்குள்ள கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் அக்காக்களுக்கு கை, கால் எல்லாம் கீறல். வலை விரிச்சா வலை கிழியுது. பழவேற்காடு பக்கமும் பரவிடுச்சு. கேரளாவுல அஷ்டமுடி ஏரியிலயும் இதே சிப்பிதான்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குத் தெரியும், ஆலையோட குளிர்விக்கும் குழாயில சிப்பி ஒட்டினா உடனே குளோரின் போட்டு சுத்தம் பண்ணுவாங்க, அதுக்குத் தனி பட்ஜெட்டே உண்டு. மீனவரோட ஆறு அடைச்சா மட்டும் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போகணும். போயும் ஆச்சு.

நம்ம கோரிக்கை: சிப்பியை இயந்திரம் வச்சு அகற்றணும். ஒரு தடவை அள்ளினா போதாது, குஞ்சு தண்ணியில மிதந்து மறுபடியும் ஒட்டும், அதனால வருஷா வருஷம் கண்காணிக்கணும். துறைமுகங்கள்ல கப்பல் தண்ணியைப் பரிசோதிக்கணும். அந்த வேலையில உள்ளூர் மக்களுக்குக் கூலியோட இடம் கொடுக்கணும். பிழைப்பு போன குடும்பங்களுக்கு நிவாரணம் வேணும், இருளர் குடும்பங்களையும் அந்தப் பட்டியல்ல சேர்க்கணும்.

கடலோர மாவட்டத் தோழர்கள் படகுலயோ பாலத்து அடியிலயோ இந்தக் கறுப்புச் சிப்பியைக் கொத்தா பார்த்தா, படம் எடுத்து, இடமும் தேதியும் போட்டு நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. படகுல இருந்து சுரண்டினதைத் திரும்பத் தண்ணியில போடாதீங்க, கரையில கொட்டிக் காய விடுங்க.