நஞ்சேறிய மண்: மருத்துவரை அமர்த்துவது யார்?

(திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் தமிழ்த் தொழிலாளர், வணிகரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவது என் அன்றாடப் பணி. அதில் 'ரெமிடியேஷன்' என்னும் சொல் என்னை நெடுநாள் அலைக்கழித்தது. நச்சுப் பொருள் இறங்கிய மண்ணையும் நிலத்தடி நீரையும் மீட்கும் வேலைக்கு அதுவே பெயர். 'பரிகாரம்' என்பது நேர்ப்பொருள். ஆனால், பரிகாரம் பாவம் செய்தவன் தன் கையால் செய்ய வேண்டியது. இன்று நடப்பது வேறு. பாவம் செய்தவனே புரோகிதரை அமர்த்துகிறான். தட்சிணையைப் பேசி முடிக்கிறான். பாவத்தின் எடையையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறான். ஆகவே 'மண் மீட்பு' என்றே எழுதி வருகிறேன்.

கோடைக்கானலை எடுத்துக்கொள்வோம். இங்கிருக்கும் பலருக்கு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் உறவுகள் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிவந்த பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை, 1980களின் தொடக்கத்தில் அந்த மலைநகருக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது யூனிலீவர் கைக்கு மாறி, இந்துஸ்தான் லீவரின் சொத்தாயிற்று. பாதரசத்தை வெறுங்கையால் தொட்டு வேலை செய்தவர்கள் நம் பிள்ளைகள். 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குவியல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக்கடையில் கிடப்பதை ஊர்மக்கள் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. ஏழை நாட்டின் குப்பை பணக்கார நாட்டுக்குத் திரும்பிப்போன அரிய நிகழ்ச்சி அது. போராடியவர்கள் ஈட்டிய வெற்றி.

ஆனால் மண்? அது கப்பலேறவில்லை. ஆலைக்குக் கீழே சரிவில் பாம்பாறு சோலை. அங்கே பிறக்கும் நீர் சமவெளிக்கு இறங்குகிறது. பாதரசம் மண்ணில் சும்மா கிடக்கும் பொருளன்று. ஆவியாகும், மழையோடு நகரும், நீரடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்க, மீனுக்குள் சென்று, மீனை உண்பவருக்குள் சேரும். மினமாட்டா விரிகுடாவில் இதுதான் நடந்தது. அங்கே சேற்றை அள்ளவும் 58 ஹெக்டேர் பரப்பை மூடி நிரப்பவும் 1977 முதல் 1990 வரை ஆயிற்று.

கோடைக்கானலில் மாசு எவ்வளவு என்று கணக்கிட ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது யார்? ஆலையை நடத்திய நிறுவனமேதான். பின்னர் நாக்பூரின் 'நீரி' போன்ற அரசு ஆய்வகங்கள் வந்தன, வாரியமும் இருந்தது. ஆயினும் திட்ட அறிக்கை நிறுவனத்தின் மேசையில்தான் உருவாயிற்று. மண்ணைத் தோண்டி, கழுவி, பாதரசம் அதிகம் ஒட்டியிருக்கும் நுண்துகளைப் பிரித்து, வெற்றிடக் கலத்தில் சூடாக்கி, ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்க வேண்டும், இதுவே முறை. அறிவியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சண்டை அளவைப் பற்றியது. ஒரு கிலோ மண்ணில் 10 மில்லிகிராம் என்று முதலில் பேசப்பட்ட எல்லை, பிறகு 20 ஆக உயர்ந்தது. யூனிலீவரின் தாய்நாடாகிய பிரிட்டனில் குடியிருப்பு மண்ணில் உலோகப் பாதரசத்துக்கு 2009இல் வழங்கப்பட்ட வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் வீழும், சரிவு அரிக்கப்படும் என்பது எதிர்வாதம். மலையை அறிந்தவன் அதை எளிதில் தள்ளிவிட மாட்டான். ஆனால், அந்த வாதத்தை முன்வைப்பவனுக்கே தோண்டாமையால் பணம் மிச்சமாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது, 15 ஆண்டுகளுக்குப் பிறகு.

இராணிப்பேட்டையில் நிலைமை இதனினும் கொடிது. 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை, இலட்சக்கணக்கான டன் கழிவை விட்டுச் சென்றது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரைவது. மழைதோறும் நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. அங்கே பரிகாரம் செய்ய ஆலைக்காரரே இல்லை. செலவு மக்கள் தலையில்.

போபாலில், 2025 ஜனவரி முதல் நாள் இரவில் 337 டன் கழிவு காவல் புடைசூழப் பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரிக்கப்பட்டது. ஒதுக்கிய தொகை 126 கோடி ரூபாய், ஒன்றிய அரசின் பணம். யூனியன் கார்பைடை விழுங்கிய டௌ நிறுவனம் கொடுத்தது எதுவுமில்லை. ஆலையைச் சுற்றிய மண்ணும் கிணறுகளும் அப்படியே உள்ளன.

'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்று உச்ச நீதிமன்றம் 1996இல் இராசத்தானத்துப் பிச்ரி வழக்கில் உரைத்தது. அங்கே சாயப்பொருள் ஆலைக் கழிவால் கிணற்று நீர் செந்நிறமாயிற்று. நிறுவனமோ மனுமேல் மனுப் போட்டு, 2011 வரை இழுத்தடித்தது. கூட்டு வட்டியோடு கட்டுமாறு நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த இடங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. தாமதமாயினும் வரவேற்போம். ஆனால், தணிக்கையாளரை அமர்த்தும் கை எது என்று பார்க்காமல் எந்த விதியையும் நம்ப இயலாது.

துப்புரவு என்றவுடன் இந்த வீதிக்கு அருகிலேயே ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டை மறக்க முடியுமா? 2024 ஜூலையில் இரயில் நிலையத்தின் அடியில் கழிவை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி உயிருடன் மீளவில்லை. இரயில்வே ஒப்பந்தக்காரரை அமர்த்தியது. ஒப்பந்தக்காரர் அவரை அமர்த்தினார். நாளை பாதரச மண்ணைக் கடப்பாரையால் தோண்டப்போவதும் அவரைப் போன்ற ஒருவரே. அவருடைய முகக்கவசம், சிறுநீர்ப் பரிசோதனை, காப்பீடு ஆகியவை எந்தத் திட்ட அறிக்கையில் எத்தனையாம் பக்கத்தில் உள்ளன?

ஆகவே நாம் கேட்பது இது. மாசு செய்த நிறுவனம் பணத்தை அரசுக் கருவூலத்தில் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆய்வாளரையும் துப்புரவு நிறுவனத்தையும் வாரியமே திறந்த ஒப்பந்தப்புள்ளியில் அமர்த்த வேண்டும். மண் மாதிரி எடுக்கும்போது ஊர்மக்களும் தொழிற்சங்கத்தாரும் உடனிருந்து, மறுபாதியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்ப உரிமை வேண்டும். முடிவுகள் அவ்வூரார் படிக்கும் மொழியில் வெளிவர வேண்டும். (மொழிபெயர்க்க ஆளில்லை என்று எவரேனும் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.) தோண்டும் தொழிலாளிக்கு வேலைக்கு முன்பும் பின்பும் மருத்துவப் பரிசோதனை கட்டாயமாக வேண்டும்.

இக்கோரிக்கைகள் அடங்கிய மனு தமிழிலும் மலையாளத்திலும் வாயிலருகே மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்துக் கையொப்பமிடுங்கள்.