பாதியில் நின்ற மோரிஸ் மைனர்



லூனாசிலிருந்து பாடாங் செராய்க்குப் போகும் வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் மூன்று ஆண்டுகளாக ஒரு மோரிஸ் மைனர் கார் நின்றுகொண்டிருந்தது. சாதாரண மைனர் அல்ல. துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டக்கூடிய வகை. அதன் சொந்தக்காரர் பழுது பார்க்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். என்னிடமிருந்த யமஹா ஆர்எக்ஸ்-இசட் மோட்டார் சைக்கிளையும், மேற்கொண்டு இரண்டாயிரம் வெள்ளியையும் கொடுத்து, சென்ற ஆண்டு அந்தக் காரை நான் மாற்றிக்கொண்டேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து வேலைக்கு வந்த முதல் ஆண்டில் வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. இன்றைக்கும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பண்டமாற்று என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். நெல்லைக் கொடுத்து உப்பை வாங்கும்போது, நெல்லும் உப்பும் எப்படிப்பட்டவை என்று இரு பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தால்தான் அது நியாயமான மாற்று. என் விஷயத்தில் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் நான் இல்லை.

பழைய காரின் மேல் ஆசை கொண்ட இளைஞர்கள் நம் வட்டாரத்தில் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பேச்சு.

முதலில் காரைப் பற்றிச் சில வார்த்தைகள். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த மோரிஸ் மைனர், 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று நினைத்து, மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார் அவர். முன்மூடியின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் அதுதான். 1960ஆம் ஆண்டு முடிவில், பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயரை அது பெற்றது. மொத்தத்தில் பதினாறு லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியானது. துணிக்கூரை வகை மட்டும் 1969இல் நின்றுபோயிற்று. (இதே இசிகோனிஸ்தான் 1959இல் வெளிவந்த மினி காரையும் வடிவமைத்தவர்.)

என் கைக்கு வந்த கார், ஒரு தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பும்போது அங்கிருந்த கிராணியாரிடம் விற்றுப் போனது. கிராணியாரின் மகன்தான் என்னுடன் மாற்றுப் பேசியவர்.

இப்போது ஒரு சிறு சோதனை. வீட்டில் காலணி வந்த அட்டைப் பெட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை ஒட்டுத்தாளால் நன்றாக ஒட்டிவிட்டு, பெட்டியின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுகாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். துணி பிழிவதைப் போல வளைந்து கொடுக்கும். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பாடத்தை அவர்களுக்கு நடத்தும்போது என் கார் ஏற்கெனவே வீட்டு வாசலில் கிடந்தது.

லாரியைப் போல மைனருக்குத் தனியான இரும்புச் சட்டம் கிடையாது. உடல்தான் சட்டம். தரை, பக்கங்கள், கூரை எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியாக நின்று பாரத்தைத் தாங்குகின்றன. கூரையை எடுத்துவிட்டால் அந்த வேலை முழுவதும் கீழே இறங்கிவிடும். கதவைத் திறந்து காலை உள்ளே வைக்கும் இடத்தில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டி போல் ஓடும் தகடு இருக்கிறதே, அதை ‘படி’ என்று வைத்துக்கொள்வோம். துணிக்கூரைக் காருக்கு அந்தப் படிதான் முதுகெலும்பு. தொழிற்சாலையிலேயே அங்கே கூடுதல் தகடுகள் வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். ஆனால் மழைநீர் முதலில் போய்த் தங்குவதும் அங்கேதான். நம் கெடா மழைக்குச் சொல்லவும் வேண்டுமா?

என் காரில் படிகள் புதிதாக, பளபளப்பாக இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். பழைய படிகளை அறுத்தெடுத்தபோது, கதவு வாயில் சுருங்காமல் இருக்கக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்திருக்க வேண்டும். முன்பு வேலை செய்தவர் அதைச் செய்யவில்லை. முதுகெலும்பை எடுத்ததும் உடல் நடுவில் தொய்ந்துவிட்டது. தொய்ந்த நிலையிலேயே புதுத்தகட்டை வைத்து இறுக்கிவிட்டார். நடுவில் தொய்ந்தால் கதவு வாயிலின் மேற்பக்கம் சுருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். கதவுகள் இரண்டும் மேலே இடித்தன. வேலை ஏன் மூன்று ஆண்டுகளாகப் பாதியில் நின்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஆகவே, பாதி வேலையில் நிற்கும் காரைப் பார்க்கப் போனால், முடிந்த பாதியை ரசிக்க வேண்டாம். வேலை எந்த இடத்தில் நின்றது, ஏன் நின்றது என்று கேளுங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கால் சற்று உயர்த்திக் கதவைத் திறந்து சாத்துங்கள். இடைவெளி மாறினால் முதுகெலும்பு போய்விட்டது என்று பொருள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிப் படியோரமாக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, புட்டிதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண மைனரின் கூரையை அறுத்துத் துணிக்கூரைக் கார் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். 1950களின் கடைசியிலிருந்து வந்த அசல் துணிக்கூரைக் காரின் எண் எம், ஏ, டி என்ற எழுத்துகளில் தொடங்கும். எண் தகட்டையும் பதிவுப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல வேளையாக, என் கார் அந்த விஷயத்தில் அசல்தான்.

கழற்றிய உதிரிப் பாகங்கள் மைலோ டின்களில் இருந்தன, பதினோரு டின். எது எங்கே போகும் என்று ஒரு சீட்டுக்கூட இல்லை. இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு; இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாகப் பொருந்தாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேரும். இது தெரியாமல் இன்றைய காரைப் போல் மாற்றி இணைத்துவிடாதீர்கள்.

காரைவிட எனக்கு அதிகக் கவலை கொடுத்தது காகிதம். மோட்டார் சைக்கிளை உடனே அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். காரின் கிராண்ட்டை வாங்கிப் பார்த்தால், அது காலமாகிவிட்ட கிராணியாரின் பெயரிலேயே இருக்கிறது. இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது. அவருடைய வாரிசுகள் அமானா ராயாவிலோ நீதிமன்றத்திலோ அதிகாரம் பெற்ற பிறகுதான் சாலைப் போக்குவரத்து இலாகா பெயர் மாற்றும். அதற்கும் முன்பாக, இயந்திர எண்ணும் உடல் எண்ணும் சோதிக்கப்பட வேண்டும். மாற்றுப் பேசும்போது பத்திரத்தைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் கடைசியாகக் கேட்டேன்.

வாரிசுகள் நால்வர். மூவர் சம்மதித்தார்கள். மூத்த மகள் மட்டும் அப்பா காரை யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று தம்பியிடம் சண்டை பிடித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூரிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பின்னிருக்கை இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

“இது ஓடுமா சார்?”

“ஓடும் அக்கா. கொஞ்ச நாள் ஆகும்.”

“நாங்க நாலு பேரும் பின்னாடி உக்காந்துதான் கூலிமுக்குப் படம் பாக்கப் போவோம். ஓடுச்சுன்னா ஒரு தடவை கூப்பிடுங்க.”

அடுத்த மாதம் அவர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது கூலிமில் பற்றவைக்கும் வேலை செய்யும் வயதான சீனர் ஒருவரிடம் கார் இருக்கிறது. அவர் முதல் நாளே காந்தமெல்லாம் கேட்கவில்லை. தரையில் நீர்மட்டம் பார்த்துக் காரை நான்கு தாங்கிகளின் மேல் ஏற்றினார். முன்பு வைத்த படிகளை அறுப்பதற்குமுன் கதவு வாயிலின் மேற்புறத்தில் ஒரு திருகு ஜாக்கைப் படுக்கவைத்தார். அறுத்த பிறகு, ஒரு நாளைக்குக் கால் சுற்று. அவசரப்பட்டால் தகடு கிழிந்துவிடும் சிகு, என்றார் மலாயில். படித்தகடுகள் புதிதாகவே கிடைக்கின்றன. உலகில் பல நாடுகளில் இந்தக் கார் இன்னும் ஓடுவதால் அந்த வசதி. இலங்கையில் 1990களில் மைனருக்கென்றே உடல் தகடுகள் செய்து பிரிட்டனுக்கே அனுப்பினார்கள் என்றால் பாருங்கள்.

செலவுக் கணக்கை என் மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதை வானொலியில் வாசிக்கக் கூடாதென்று கண்டிப்பான உத்தரவு.

போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். இடது கதவு இடிக்காமல் சாத்துகிறது. வலது கதவுக்கு இன்னும் கால் அங்குலம் பாக்கி இருக்கிறது.