விமானம் வராத நாளின் செலவு: சாங்கி விமான நிலையத்தின் கணக்கைப் படித்தல்



வாணிகம் குறித்துத் தமிழ் மேடையில் பேச வருவோர் பூம்புகாரில் தொடங்குவது வழக்கம். மிளகுப் பொதியையும் புலி முத்திரையையும் சொல்லி முடித்த பிறகே நிகழ்காலத்துக்கு வருவார்கள். நாம் இன்று அவ்வழியே செல்லாமல் நேராகச் சாங்கிக்குப் போவோம். அவையில் உள்ள பலரும் அவ்விடத்தைப் பயணிகளாக அறிவோம். பள்ளி விடுமுறையில் ஜுவலின் 40 மீட்டர் உயர அருவியைப் பார்க்கப் போனவர்களாகவும் அறிவோம். அதன் வரவு செலவை நோக்கி அறிந்தவர்கள் நம்மில் குறைவு. இன்றைய உரை அதைப் பற்றியது.

ஒரு விமான நிலையம் நன்றாக நடைபெறுகிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது? விருதுகளைக் கொண்டு என்பது பொதுவான விடை. ஸ்கைடிராக்ஸ் நிறுவனத்தின் உலகின் தலைசிறந்த விமான நிலைய விருதைச் சாங்கி 2025இல் பதின்மூன்றாம் முறையாகப் பெற்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் பயணியின் கண்ணுக்குப் பட்டதை மட்டுமே விருது சொல்லும். கண்ணுக்குப் படாதவற்றைக் கணக்கேடுதான் சொல்லும்.

கணக்கேட்டைத் திறந்தால் முதலில் தெரிவது விமான நிலையத்துக்கு இரண்டு பணப்பைகள் உண்டு என்பது. முதற்பையில் விழுவது விமானத்தால் வரும் பணம். தரையிறங்குவதற்கும், நிறுத்தி வைப்பதற்கும், பயணிகள் ஏறி இறங்கும் இணைப்புப் பாலத்துக்கும் விமான நிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன. பயணச்சீட்டோடு சேர்த்துப் பயணியிடமும் ஒரு கட்டணம் பெறப்படுகிறது. இரண்டாம் பையில் விழுவது கடைகளால் வரும் பணம். வாசனைத் திரவியம், சாக்லேட், மதுபானம், உணவு, விளம்பரப் பலகை, வாகன நிறுத்தம் ஆகிய யாவும் இதில் அடங்கும். 2018இல் சாங்கியின் கடைகளில் நடந்த விற்பனை 2.5 பில்லியன் வெள்ளியைக் கடந்தது. இத்தொகை முழுவதும் விமான நிலையத்துக்கு வருவதன்று. கடைக்காரர் தரும் வாடகையும் விற்பனையில் ஒரு பங்குமே வரும். எனினும் இரண்டாம் பை கனக்கக் கனக்க, முதற்பைக்கு விமான நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய தொகையைக் குறைவாக வைத்துக்கொள்ள இயலுகிறது. கட்டணம் குறைந்தால் விமானங்கள் மிகும். விமானங்கள் மிகுந்தால் கடைகளில் கூட்டம் மிகும். ஒளி மிகுந்த அந்தக் கடைத்தெரு வழியாகவே பயணி நடந்து செல்லும்படி முனையம் கட்டப்படுவது தற்செயலன்று.

இனி, வருவோர் யாவர் என்று நோக்குவோம். திருச்சியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் செல்ல வேண்டிய ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவ்விரு நகரங்களுக்கும் இடையே நாள்தோறும் ஒரு விமானம் நிறையும் அளவுக்குப் பயணிகள் இரார். ஆனால் திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவோரைச் சாங்கியில் இறக்கி, பெர்த், சிட்னி, மெல்பர்ன் என்று பிரித்து ஏற்றினால் எல்லா விமானமும் நிறையும். இதனையே இடைவழி மையம் என்கிறோம். இத்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 6 மில்லியன். 2019இல் சாங்கி கையாண்ட பயணிகள் 68.3 மில்லியன். (இது தலைகளின் எண்ணிக்கையன்று, பயணங்களின் எண்ணிக்கை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சென்று திரும்பும் ஒருவர் இரு முறை எண்ணப்படுகிறார்.) இங்கு வாழ்வோரை மட்டும் நம்பியிருந்தால் இத்தனை நகரங்களுக்கு இத்தனை விமானங்கள் ஒருகாலும் இரா. திருச்சிக்காரர் வழியில் இறங்கி ஏறுவதால்தான் தோ பாயோவில் இருப்பவருக்கும் பெர்த் செல்ல விமானங்கள் பல கிடைக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் வலிமையே அதன் மெலிவும் ஆகும். சிங்கப்பூரில் உள்நாட்டு விமானப் பயணம் என்று ஒன்று கிடையாது. சாங்கியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணியும் ஏதேனும் ஓர் எல்லையைக் கடக்கிறார். எல்லைகள் மூடினால் எல்லாம் மூடும்.

2020இல் அது நிகழ்ந்தது. அவ்வாண்டின் ஏப்ரல் மாதம் முழுவதிலும் சாங்கி வழியே சென்றோர் ஏறத்தாழ 25,200 பேர். 2019இன் சராசரியோடு ஒப்பிட்டால், முன்பு மூன்றேகால் மணி நேரத்தில் கடந்து சென்ற கூட்டம் அது. ஒரு மாதத்துக்கு அவ்வளவே. 2020இல் மொத்தம் 11.8 மில்லியன் பேர், 2021இல் 3.05 மில்லியன் பேர். அதே 2020இல் சீனாவின் குவாங்சோ பையூன் விமான நிலையம் 43 மில்லியனுக்கும் மேற்பட்ட பயணிகளைக் கையாண்டு உலகிலேயே முதலிடம் பெற்றது. அங்கு நிர்வாகம் திறமையாகவும் இங்கு குறைவாகவும் இருந்தது என்று இதனைப் பொருள்கொள்வது தவறு. எல்லையைக் கடக்காமலே பறப்பதற்கு அங்கே ஒரு பெருநாடு இருந்தது. எண்களை ஒப்பிடும் முன் எவற்றை ஒப்பிடுகிறோம் என்று கேட்க வேண்டியதன் தேவைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது.

பயணிகள் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போனால் செலவும் அவ்வாறே இறங்கும் என்று கருதத் தோன்றும். அவ்வாறு இறங்காது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, விமான நிலையம் அத்தகையது. ஊர்வலம் இல்லாத நாளிலும் யானைக்குப் பசிக்கும். ஒன்றை மட்டும் சொல்வோம். பயன்பாட்டில் உள்ள ஓடுபாதையின் எந்த இடத்தையும் தீயணைப்பு வண்டி மூன்று நிமிடத்துக்குள் சென்றடைய வேண்டும் என்பது அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. நாளொன்றுக்கு ஆயிரம் விமானங்கள் இறங்கினாலும் பத்து இறங்கினாலும் நிமிடம் மூன்றுதான். ஆகவே வண்டியும் வேண்டும், வீரர்களும் வேண்டும், இரவு முறையும் பகல் முறையும் வேண்டும். ஓடுபாதையின் விளக்குகளும், கட்டுப்பாட்டுக் கோபுரமும், நான்கு கிலோமீட்டர் நீளப் பாதையில் கிடக்கும் சிறு ஆணியையும் தேடி எடுக்கும் பணியும் அப்படியே. பயணிகளைக் குறைத்தால் குறையும் செலவு சிறிது; முனையத்தையே மூடினால்தான் சற்றுக் குறையும். அதனால்தான் 2020 மே மாதத்தில் முனையம் 2இன் சேவையும் முனையம் 4இன் சேவையும் நிறுத்தப்பட்டன. இரண்டாம் பையும் அக்காலத்தில் காலியாயிற்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கு மதுபானக் கடைகளை நடத்திய டிஎஃப்எஸ் நிறுவனம், தொற்றுக்கு முன்பே 2019இல் முடிவுசெய்தபடி 2020இல் வெளியேறியது. அதன் இடத்துக்கு வந்த கொரிய நிறுவனமான லோட்டே, பயணிகளே இல்லாத முனையத்தில் கடை விரிக்க நேர்ந்தது.

மூடிய முனையத்தை வீணே விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முனையம் 2இன் விரிவாக்கம் 2024இல் நிறைவடைய வேண்டியது. ஆள் நடமாட்டம் இல்லாததால் பணியை விரைவுபடுத்த முடிந்தது. 2023 நவம்பரில் முழுமையாகத் திறந்துவிட்டார்கள். மக்கள் நடந்துகொண்டிருக்கும் கட்டடத்தில் தளத்தைப் பெயர்ப்பதற்கும் வெற்றுக் கட்டடத்தில் பெயர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டைப் புதுப்பித்த எவரும் அறிவர்.

பயணிகள் இல்லாத அந்நாள்களில் சரக்கு நிற்கவில்லை. 2019இல் 2.01 மில்லியன் டன். பயணிகள் அடியோடு சரிந்த 2021இல் 1.95 மில்லியன் டன். 2020 டிசம்பர் 21ஆம் நாள் இரவு பிரசல்ஸ் நகரிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சரக்கு விமானம் கொண்டுவந்த முதல் தடுப்பூசிப் பெட்டிகள் இறங்கியதும் இதே ஓடுபாதையில்தான். வரவுக் கணக்கில் சரக்கு, பயணியைப்போல் கடையில் நின்று வாங்காது. அருவியைப் படம் எடுக்காது. ஆயினும் மருந்தும் உணவும் மின்னணுப் பாகமும் வந்துசேரும் வாயில் திறந்திருந்தது. இலாபம், நட்டம் என்னும் இரு சொற்களால் மட்டும் அளக்க இயலாத பகுதி இது என்று நாம் கருதுகிறோம்.

பின்னர் மீட்சி வந்தது. 2022இல் 32.2 மில்லியன், 2023இல் 58.9 மில்லியன், 2024இல் 67.7 மில்லியன். இங்கு ஒரு சிறு வகுத்தலைச் செய்து பார்ப்போம். 2019இல் விமானங்களின் வருகையும் புறப்பாடும் சேர்ந்து ஏறத்தாழ 382,000. 2024இல் ஏறத்தாழ 366,000. பயணிகளை விமானங்களால் வகுத்தால் முன்னதில் ஒரு விமானத்துக்கு 179 பேர், பின்னதில் 185 பேர். சரக்கு விமானங்களும் இவ்வெண்ணிக்கையில் கலந்திருப்பதால் இது செம்மையான அளவன்று. எனினும் போக்கைக் காட்டும். குறைந்த விமானங்கள் ஏறத்தாழ அதே அளவு மக்களைச் சுமந்தன. ஓடுபாதைக்கு இது நன்மை. பயணிக்கு எப்படி? ஒரே நேரத்தில் இறங்குவோர் மிகுந்தால் குடிநுழைவு வரிசையும் பெட்டிக்குக் காத்திருக்கும் நேரமும் நீளலாம். செயல்திறன் என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாருடைய செயலுக்கு, யாருடைய திறன் என்று கேட்பது நல்லது.

இனி, நம் உரையின் கடினமான பகுதிக்கு வருகிறோம். அடுத்த முனையத்துக்கு யார் பணம் தருவது?

1975இல் இத்தகைய வினா ஒன்று எழுந்தது. அப்போது பாய லேபாரே நம் விமான நிலையம். அவ்வாண்டு அது 4 மில்லியன் பயணிகளைக் கையாண்டது. அங்கேயே இரண்டாம் ஓடுபாதை அமைக்கலாம் என்று வெளிநாட்டு ஆலோசகர்கள் கூறினர். போட்ட முதலை ஒதுக்கிவிட்டுக் கடலைத் தூர்த்துச் சாங்கியில் கட்டுவது என்று அரசு முடிவெடுத்தது. அப்பணிக்கு ஹாவ் யூன் சோங் தலைமை ஏற்றார். 1981 ஜூலை முதல் நாள் சாங்கி இயங்கத் தொடங்கியது. விமானங்கள் நகரின் மேலாக இறங்காமல் கடலின் மேலாக இறங்கத் தொடங்கின. எல்லா முடிவுகளும் இவ்வாறு நீண்டகாலம் நிலைப்பதில்லை. மலிவுக் கட்டண விமானங்களுக்கென 2006இல் திறந்த முனையம் ஆறே ஆண்டுகளில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில்தான் முனையம் 4 எழுந்தது. இதனை வீண் என்று சிலர் சொல்வர். எளிய கட்டடமாகக் கட்டியதால்தான் இழப்புக் குறைவாக அதை நீக்க முடிந்தது என்பது நம் கருத்து.

இப்போது கட்டப்படும் முனையம் 5 அளவில் வேறு. ஆண்டுக்கு 50 மில்லியன் பயணிகளைக் கொள்ளும் அது, 2030களின் நடுப்பகுதியில் திறக்கப்படும். அப்போது சாங்கியின் மொத்தக் கொள்ளளவு 90 மில்லியனிலிருந்து 140 மில்லியனாகும். இதற்கென அரசு 2015இல் 3 பில்லியன் வெள்ளியோடு ஒரு மேம்பாட்டு நிதியைத் தொடங்கியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மேலும் 5 பில்லியன் சேர்த்தது. சாங்கி விமான நிலையக் குழுமமும் தன் பங்கைத் தருகிறது. மூன்றாவதாகத் தருபவர் பயணி. 2018 ஜூலை முதல், சிங்கப்பூரிலிருந்து பயணத்தைத் தொடங்கும் ஒவ்வொருவரும் விமான நிலைய மேம்பாட்டுத் தீர்வையாக 10.80 வெள்ளி செலுத்துகிறார். அதன்படி மொத்தக் கட்டணம் 34 வெள்ளியிலிருந்து 47.30 வெள்ளியாக உயர்ந்தது. 2024 ஏப்ரலில் அது 65.20 வெள்ளி ஆயிற்று. இடைவழிப் பயணிக்கோ தீர்வை 3 வெள்ளி மட்டுமே.

இந்த வேறுபாடு பலருக்கு உறுத்தும். நம் திருச்சிக்காரர் 3 வெள்ளி தருகிறார். தோ பாயோக்காரர் 10.80 தருகிறார். காரணம் ஒளிவுமறைவானதன்று. முன்னவர் கோலாலம்பூர் வழியாகவோ பேங்காக் வழியாகவோ போகலாம். அவரைப் பிடித்து வைக்க விலை குறைவாக இருக்க வேண்டும். பின்னவருக்கு வேறு வாயில் எளிதில் இல்லை. தப்பிக்க இயலாதவரிடம் மிகுதியாகப் பெறுவது முறையா என்று கேட்டால், முழுமனத்தோடு ஆம் என்று சொல்ல நம்மால் இயலாது. ஆனால் முன்னவர் வராவிட்டால் பின்னவருக்கு விமானங்களே குறையும் என்பதையும் முன்பே கண்டோம். ஆகவே இவ்வேற்பாட்டை ஏற்கிறோம். இத்தொகை எவ்வளவு திரண்டது, எதற்குச் செலவானது என்பதை எளிய மொழியில், தமிழிலும், ஆண்டுதோறும் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஏற்கிறோம்.

காலம் பற்றிய வினாவும் உண்டு. 2018இல் தீர்வை செலுத்திய எழுபது வயது மூதாட்டி முனையம் 5இல் நடப்பாரா என்பது ஐயமே. இங்கு அமர்ந்திருக்கும் பதினைந்து வயது மாணவர் அதில் வேலைக்கே சேரலாம். கட்டி முடித்த பிறகு, பயன்படுத்துவோரிடம் மட்டும் பெறலாமே என்பது ஒரு வாதம். அவ்வாறு செய்தால் கடனும் வட்டியும் அந்த மாணவரின் தலையில் ஏறும். அந்நேரத்தில் மற்றொரு தொற்று வந்தால், யானையோடு கடன்காரரும் வாசலில் நிற்பார். தொற்றுக் காலத்தில் முனையம் 5இன் பணி இரண்டாண்டு நிறுத்தப்பட்டு, அதன் வடிவமே மறுசிந்தனைக்கு உள்ளானது. தேவைப்படும்போது சிறு சிறு முனையங்களாகப் பிரித்து இயக்கும்படி அதை இப்போது வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியை மூடினாலும் மற்றொரு பகுதி தனியே இயங்கும். அதற்கான நிலம் அகழும் விழா 2025 மே 14ஆம் நாள் நடைபெற்றது.

ஆசிரியர்கள் விரும்பினால் நாம் கூறிய எண்களை வகுப்பில் பலகையில் எழுதி, மாணவர்களையே வகுத்துப் பார்க்கச் செய்யலாம். வினாக்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருப்பதாகத் தலைவர் சொன்னார். தீர்வையைப் பற்றிய வினாக்களை முதலில் எடுத்துக்கொள்வோம்.