தலைவலியையும் மனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பக்கம் எல்லாத் தலைவலிக்கும் மண்டையிடி என்று ஒரே பெயர்தான். இன்று அதில் ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன் பற்றி மட்டும் பேசுகிறேன். பெரும்பாலும் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும். குமட்டும். வெளிச்சமும் சத்தமும் தாங்காது. சிகிச்சை எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை இருக்கும். பெங்களூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் வீடு வீடாக நடந்த ஓர் ஆய்வில், ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் வந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல் வருகிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் மைக்ரேன் வருவதும் அதிகம். மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளுக்கு இரண்டிலும் பங்கு உண்டு. பரம்பரையும் ஓரளவு காரணம். அடுத்த வலி எப்போது வருமோ என்ற பயத்தில் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் வலி வரும்.

நம் ஊர் வேலையையும் யோசியுங்கள். ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் நைட் ஷிப்ட், டீயோடு போகும் காலைச் சாப்பாடு, டியூப் லைட்டுக்குக் கீழே மணிக்கணக்கில் செக்கிங். தூக்கக் குறைவு, பட்டினி, வெளிச்சம், மன அழுத்தம் என்று மைக்ரேனைத் தூண்டும் நான்கும் ஒன்றாகச் சேர்கின்றன.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வலி மாத்திரை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சில கலவை மாத்திரைகளுக்கு 10 நாளே போதும்.

இரண்டாவது, டாக்டர் எழுதும் மருந்து. மைக்ரேன் வராமல் தடுக்க அமிட்ரிப்டிலின் கொடுப்பார்கள். இணையத்தில் தேடிப் பார்த்தால் அது மனச்சோர்வு மருந்து என்று வரும். "எனக்கென்ன பைத்தியமா?" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மைக்ரேனுக்குக் குறைந்த அளவில்தான் கொடுப்பார்கள். அதே சமயம், டோபிராமேட் போன்ற தடுப்பு மருந்து சிலருக்கு மனச்சோர்வைக் கூட்டும். அதனால்தான் மனநிலையையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறேன். தலைவலி என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதிதான் தெரியும்.

மூன்றாவது, நம் பேச்சு. வெளியே காயம் தெரியாது, ஸ்கேனும் பெரும்பாலும் நார்மல் என்றே வரும். உடனே "வேலை செய்யச் சோம்பல், நடிப்பு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். படுத்திருக்கும் மருமகளுக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அந்தச் சொல் வலியைவிடக் கனமானது.

உங்களையே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனம் சோர்ந்து இருந்ததா? பிடித்த வேலையில்கூட ஆர்வம் போய்விட்டதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். வலி வந்த நாள், தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு, போட்ட மாத்திரை ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள்.

நேரில் போகத் தயக்கமா? 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் அவரைத் தனியே விடாமல் உடனே கூப்பிடுங்கள்.

திடீரென்று வாழ்நாளில் இல்லாத கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் என்றால் அது மைக்ரேன்தான் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

பக்கத்து வீட்டில் யாராவது விளக்கை அணைத்துப் படுத்திருந்தால், டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.