பொன்வண்டின் சிறகு

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வளர்ந்த பெரியவர்களிடம் பொன்வண்டு பற்றிக் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் வேலமரத்தில் பிடித்து, தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த கதை வரும்.

அந்த வண்டின் முதுகில் பச்சையாக மின்னுவது அதன் முன்சிறகு. பறக்க உதவும் மெல்லிய சிறகு அதற்கடியில் மடங்கியிருக்கும். மேலே இருப்பது வெறும் காப்பு ஓடு. அந்தப் பச்சை சாயத்தால் வருவதில்லை. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நிறமாகத் தெரிகிறது. அதனால்தான் வண்டு செத்து நூறு வருஷம் ஆனாலும் மினுமினுப்பு போவதில்லை. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

நம் சென்னைக்கும் இந்தச் சிறகின் கதையில் பங்குண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே மஸ்லின் துணியில், பொன்வண்டின் ஓடுகளை வெட்டி, ஊசியால் துளையிட்டு, ஜரிகையோடு தைத்தார்கள். அந்தத் துணிகள் கப்பலேறி லண்டன் போயின. தைத்த கைகளின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்காதது பெரிய குறை.

1888-இல் லண்டன் மேடையில் ‘மக்பெத்’ நாடகத்தில் லேடி மக்பெத்தாக நடித்த எலன் டெர்ரியின் உடையில் சுமார் ஆயிரம் வண்டுச் சிறகுகள். அந்த உடை இன்றும் இருக்கிறது. 2011-இல் அதைச் செப்பனிட்டபோது, உடைந்த சிறகுகளின் அடியில் ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமைப் பசையால் ஒட்டி, ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். நிறத்தில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.