பள்ளியிலிருந்து கலைக்களஞ்சியம் வரை



கொங்கு நாட்டில் தனியார் பள்ளி என்றவுடன் இன்று பலர்க்கும் நினைவில் எழுவன ஓங்கிய கட்டடங்களும் மதிப்பெண் பட்டியல்களுமே. அதே நாட்டில், திருப்பூரில், 1903-ஆம் ஆண்டு செல்வக் குடியிற் பிறந்து, சட்டம் பயின்றும் அதனாற் பொருளீட்ட நாடாமல் பள்ளி நடத்தப் புகுந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். இல்லறம் ஏலாது தம் காலத்தையும் கைப்பொருளையும் கல்விக்கே ஒப்படைத்த அப்பெருந்தகையைக் கல்வியாளர் என்றும் தியாகி என்றும் பலர் பேசியுள்ளனர். இலக்கிய வட்டம் ஒன்று அவரை எண்ணிப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு.

இராமகிருஷ்ண வித்யாலயத்தை அவர் தொடங்கியது 1930-இல். தீண்டாமை வேரோடியிருந்த அக்காலத்தில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கி ஒரே பந்தியில் உண்டனர். சொற்பொழிவால் நிகழாதது சோற்றுப் பந்தியில் நிகழ்ந்தது. கோவைக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள்; ஆண்டு 1934. விடுதலைப் போராட்டத்தில் நிறுவனர் மீண்டும் மீண்டும் சிறை சென்றார், பள்ளியோ நின்றுவிடவில்லை. தாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஒன்றை அமைப்பதுதானே தலைமை!

அங்கே ஆசிரியராயிருந்தவர்களுள் ஒருவர் ஈரோட்டுப் பக்கத்துக் கவிஞர் பெரியசாமித் தூரன். மாணவப் பருவத்திலேயே நண்பர்களுடன் ‘பித்தன்’ என்னும் இதழ் நடத்தியவர். கீர்த்தனங்களும் சிறுவர் பாடல்களும் இயற்றியவர். கவிஞரை ஆசிரியராக வைத்துக்கொள்வதில் பள்ளித் தலைவர்கள் சிலர்க்கு இன்றும் ஓர் அச்சம் உண்டு. பாடத்தை விட்டுப் பாட்டுக்குப் போய்விடுவார் என்று. செட்டியார்க்கு அவ்வச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக அவர் இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வேரூன்ற அவர் உழைத்ததும், பாரதியின் நூல்களை 1949-இல் அரசு தன்னுடைமையாக்கிக் கொண்டபோது அத்துறை அவர் கையில் இருந்ததும் கவிஞர்கள் மறக்கலாகாதவை. பள்ளிகளில் இந்தி கட்டாயமாகிக் கிளர்ச்சி மூண்ட 1948-இலும் அமைச்சர் அவரே. தமிழுக்கு இத்துணை செய்தவர் அதில் மக்கள் மனத்தைச் சரியாக அளந்தாரில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் தாய்மொழியிற் கற்பிக்க வேண்டுமென்று ஆணையிட்டால் மட்டும் போதுமா? அணுவைப் பற்றியும் அரத்த ஓட்டத்தைப் பற்றியும் தமிழில் படிக்க நூல் எங்கே? இவ்வினாவை உணர்ந்தே 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை அவர் நிறுவினார். கழகம் மேற்கொண்ட பெரும்பணி கலைக்களஞ்சியம். அதன் முதன்மையாசிரியர் பொறுப்பு, தம் பள்ளியில் நெடுநாள் பார்த்துப் பழகிய தூரனிடம் சென்றது. பட்டம் பல பெற்ற பேராசிரியர் ஒருவரைத் தேடியிருக்கலாம். எளிய சொல்லை இடமறிந்து வைக்கத் தெரிந்த கவிஞரே இதற்கு வேண்டும் என்ற தெளிவு அத்தெரிவில் தெரிகிறது. முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968-இல். துறைதோறும் அறிஞரிடம் கட்டுரை பெற்று, கலைச்சொல் இல்லாதவிடத்து ஆக்கி, ஒரே நடைக்குக் கொணர்ந்து, அச்சுப்படி திருத்திய அவ்வுழைப்பில் ஒரு கவிஞரின் நல்ல வயது கழிந்தது. எழுதப்படாமற் போன கவிதைகள் எத்தனையோ! அதற்கு ஈடாக வந்தவை அப்பத்துத் தொகுதிகள். குழந்தைகளுக்கெனத் தனியே மற்றொரு பத்துத் தொகுதிகளும் தூரனின் பொறுப்பிலேயே உருவாயின.

செட்டியார் 1957-இல் கோவையில் பெண்களுக்காகத் தொடங்கிய மனையியல் கல்லூரி 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1991-இல் அவர் மறைந்தார். அவர்க்கு நான்காண்டு முன்னரே தூரன் மறைந்திருந்தார். இருவர் உழைப்பிலும் விளைந்த களஞ்சியத் தொகுதிகள் பழைய நூலகங்களின் அடுக்குகளில் இருக்கின்றன. இவ்வட்டத்து உறுப்பினர்கள் ஒரு தொகுதியையேனும் எடுத்து, ஏதேனும் ஓர் அறிவியற் கட்டுரையை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டுகிறது இவ்வுரை.