உபாத்தியாயர் நெஞ்சு ஏன் கல்லாகிறது?

(ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் வட்டாரக் கூட்டம் ஒன்றில், 34 ஆண்டுகள் பணியாற்றி 2022-ல் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய உரை.)



சம்பளம், பென்ஷன், பதவி உயர்வு இவை பற்றி இந்த மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இனியும் பேசத்தான் போகிறோம். ஆனால் எந்த மேடையிலும் நாம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்காக நிற்கும்போது, காரணம் சொல்லத் தெரியாமல் கண் கலங்குகிறதே, அந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை இரவானால் மறுநாளை நினைத்து நெஞ்சு கனக்கிறதே, அந்த விஷயம்.

அதை நாம் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால், "ஊரார் பிள்ளைக்காக நீ ஏன் அழுகிறாய்?" என்பார்கள். அதிகாரியிடமும் சொல்வதில்லை. சொன்னால், வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சங்கத்திலும் சொல்வதில்லை. இது என்ன கோரிக்கையா, தீர்மானம் போட, என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்று அதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் நின்ற பையன்

நான் வேலை பார்த்த ஊர் வானம் பார்த்த பூமி. பொங்கல் கழிந்ததும் அங்கே மேஸ்திரி வருவான். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் சட்டி பானையோடு லாரி ஏறி, செங்கல் சூளைக்குப் போகும். கல் அறுப்பது புருஷனும் பெண்சாதியும் ஜோடியாகச் செய்யும் வேலை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வெயில் ஏறுமுன் அறுத்துவிட வேண்டும் என்று நடுநிசிக்குப் பிறகே எழுந்து மண் மிதிப்பார்கள். பச்சைக்கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைப்பது பிள்ளைகளின் வேலை. மழை பிடித்து சூளை நின்றால்தான் குடும்பம் ஊர் திரும்பும்.

ஒரு வருஷம் என் பொறுப்பில் 38 பிள்ளைகள். பொங்கல் விடுமுறை முடிந்து எண்ணிப் பார்த்தால் 27 பேர். வீடு வீடாக ஓடினேன். பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஜூன் கடைசியில் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு, கற்றிருந்த எழுத்தில் பாதி மறந்துபோயிருந்தது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். அடுத்த தை மாதம் மறுபடியும் லாரி வந்தது. அதற்கடுத்த தையிலும் வந்தது.

சில வருஷங்களில், எனக்கே தெரியாமல் என்னுள் ஏதோ நின்றுபோயிற்று. நான் ஓடவில்லை. அழவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேராக 'நீண்ட நாள் வராதவர்' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

2011 ஜூலையில் ஒரு காலை. மத்தியானத்துக்குள் மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய புள்ளிவிவரப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். "டீச்சர், நான் வந்துட்டேன்" என்று வாசலில் ஒரு குரல். நாலாம் வகுப்புப் பையன். தலை நிமிராமலே, "உள்ளே போய் உட்கார்" என்றேன். அவன் நகரவில்லை. "உட்காருன்னு சொன்னேன்ல?" என்று அதட்டினேன். போய் உட்கார்ந்தான்.

சாப்பாட்டு வேளையில் சத்துணவு சமைக்கும் அம்மாள் என்னிடம் வந்தார். "என்ன டீச்சர், அவன் கையை நீங்க பார்க்கலையா? சூளையிலே சுட்டுக்கிட்டானாம். விரல் மடங்கலை. உங்ககிட்டே காட்டணும்னுதானே வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தான்" என்றார்.

தோழர்களே! நான் அவனை அடிக்கவில்லை. எந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலும் அன்று நான் செய்தது குற்றமில்லை. ஆனால், ஐந்து மாதம் சூளையில் வெந்த பிள்ளை, தன் கையை ஒருவரிடம் காட்டவேண்டும் என்று நினைத்து என்னிடம் வந்தான். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சு கல்லாகிவிட்டது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இது நோயா?

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியல் நிபுணர், அமெரிக்காவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையங்களில் உழைத்தவர்களிடம் இந்த நிலையைக் கண்டு, 1974-ல் அதைப் பற்றி எழுதினார். விறகு எரிந்து சாம்பலாவதுபோல் மனிதர் எரிந்து தீர்ந்துபோகிறார் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்.

2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் தனது நோய்ப் பட்டியலின் 11-வது திருத்தத்தில் இதை விவரித்தது. மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி, அதில் வெறுப்பும் அவநம்பிக்கையும் தட்டுவது, தன்னால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். கூடவே ஒரு முக்கியமான வார்த்தையையும் சொன்னது. இது நோய் அல்ல. வேலை செய்யும் இடத்தில், தீர்க்கப்படாமல் நீடிக்கும் நெருக்கடியிலிருந்து பிறக்கும் நிலை என்றது.

இதன் அர்த்தம் என்ன? உபாத்தியாயருக்கு மனதிடம் போதாது என்று அவரை மட்டும் குறை சொல்வது சரியல்ல என்பதே. பயிற்சி முகாமில் அரைமணி நேரம் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முகாம் முடிந்து திரும்பினால் அதே ஐந்து வகுப்பு, அதே படிவம், அதே லாரி. மூச்சை இழுத்து விட்டால் இவை போய்விடுமா?

மக்காரெங்கோவின் கை

எரிந்து தீரும் மனிதரின் நெஞ்சு ஒன்று கல்லாகும். இல்லையேல் அவர் கை ஓங்கும். அந்தோன் மக்காரெங்கோவின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1920-ல், உக்ரைனில் போல்தவா நகருக்கு அருகே, உள்நாட்டுப் போரில் அநாதைகளாகித் திருட்டில் இறங்கிவிட்ட பிள்ளைகளுக்கான குடியிருப்பை நடத்த அவர் நியமிக்கப்பட்டார். குளிர்காலம். உடுப்பு இல்லை, உணவு போதாது. கூட இருந்தவர்கள் இரண்டொரு ஆசிரியைகள்தாம். பிள்ளைகள் விறகு வெட்ட மறுத்தார்கள், எதிர்த்துப் பேசினார்கள். ஒரு நாள் அவர் பொறுமை இழந்து ஸதோரவ் என்ற பையனை அடித்துவிட்டார்.

பின்னால் உலகமே படித்த தன் நூலில் இதை அவர் மறைக்கவில்லை. அடிப்பதை ஒரு கல்வி முறையாக உயர்த்திப் பிடிக்கவும் இல்லை. அது தன் தோல்வி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றே கோடரியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு காட்டுக்குப் போய் தானும் மரம் வெட்டினார்.

இன்று நம் நாட்டில் 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. அது நியாயமான சட்டம். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இருக்கக்கூடாது. ஆனால் கையைக் கட்டிப்போட்ட சட்டம், அந்தக் கையை ஓங்க வைக்கும் பாரத்தையும் இறக்கியாக வேண்டும் அல்லவா?

பாரம் இறங்கிய சரித்திரம்

பாரத்தை இறக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டுச் சரித்திரமே பதில் சொல்கிறது. 1956-ல் காமராஜ் ஆட்சியில் மதிய உணவு வந்தது. நானே அந்தச் சோற்றில் எழுத்து கற்றவள். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. ஆனாலும் காலைப் பசி தீரவில்லை. இறைவணக்கத்தில் நிற்கும் பிள்ளை மயங்கி விழுவதும், நாம் நம் டப்பாவிலிருந்து இரண்டு இட்டிலியைக் கொடுப்பதும், மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நடந்தது. யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? அந்த வேதனையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் ஓய்வுபெற்ற சில மாதங்களில், 2022 செப்டம்பர் 15-ல், 1,545 பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் அது அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. என் பழைய பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். அங்கிருந்த ஆசிரியை சொன்னார்: "அக்கா, இப்போ முதல் பீரியடிலே என்னாலே பாடம் நடத்த முடியுது."

கவனியுங்கள்! அவருக்கு யாரும் மனத்தைத் தேற்றும் உபதேசம் செய்யவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு வந்தது. ஆசிரியையின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மனபாரம் என்று நாம் சொல்லும் பாரத்தில் பெரும் பகுதி சர்க்கார் இறக்கி வைக்கக்கூடிய பாரம்தான். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

இறங்காத கற்கள்

இன்னும் இறங்காதவை எவை? சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். வகுப்போ ஐந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கும்போதே மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடவேண்டும். ஐந்தாம் வகுப்பு சண்டையை விலக்கவேண்டும். இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். பிள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனிக்க முடிகிற அளவுக்கே வகுப்பு இருக்கவேண்டும் என்று, 1966 அக்டோபர் 5-ல் பாரீஸில் கூடிய சர்வதேச மாநாடு தன் பரிந்துரையில் சொல்லியிருக்கிறது.

ஆரம்பப் பள்ளிக்கு குமாஸ்தா கிடையாது. ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது சட்டத்தின் 27-வது பிரிவு. ஆனால் படிவமும் கைபேசிச் செயலியும் கல்வி வேலை என்ற பெயரிலேயே வருகின்றன! 2009 ஜூன் 1 முதல் நியமிக்கப்பட்ட இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதற்கு முன் சேர்ந்தவர்களைவிடக் குறைந்த அடிப்படைச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. ஒரே பள்ளி, ஒரே வேலை, இரண்டு சம்பளம் என்றால் அந்த இருவர் ஒருவர் பாரத்தை ஒருவர் எப்படி மனம்விட்டுப் பகிர்வார்கள்?

கொரோனா காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. பள்ளிக்கூட வாசலையே பார்த்திராத பிள்ளை இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்த இழப்பைச் சரிக்கட்டும் பொறுப்பும் நம் தலையிலேயே விழுந்தது.

நம் பக்கத்துக் குறை

சர்க்காரை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக்கூடாது. கல்லாகிப்போன நெஞ்சு எந்தப் பாஷையில் பேசுகிறது? "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்கிறது. "அந்தத் தெருவே அப்படித்தான்" என்கிறது. இது களைப்பின் குரல் போலக் கேட்கும்; உள்ளே இருப்பது சாதி. களைத்த மனத்தில் அது சுலபமாகப் புகுந்துகொள்கிறது. நாமும் சொல்லியிருக்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். நம் களைப்புக்கு நாம் நியாயம் கேட்கலாம். அதன் விலையைச் சூளைத் தொழிலாளியின் பிள்ளை கொடுக்கவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

அந்தப் பையன் வந்த நாளன்று மாலை, பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் புத்தி சொல்லவில்லை. "எனக்கும் இப்படி நடந்தது" என்று தன் கதையைச் சொன்னார். அதன் பிறகு மாதக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் பத்து நிமிஷம் தனியே உட்கார்ந்தோம். அந்த மாதம் எந்தப் பிள்ளை நம்மை வாட்டியது என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். அவ்வளவுதான்.

அந்தப் பேச்சிலிருந்தே ஒரு வேலை பிறந்தது. சூளைக்குப் போகும் பிள்ளையின் வகுப்பு, எதுவரை வாசிக்கத் தெரியும், எந்தக் கணக்கு வரும் என்று ஒரு சீட்டில் எழுதித் தாயிடம் கொடுத்தோம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் இடம் மறுக்கக்கூடாது என்று சட்டம் சொல்வதையும் அதில் எழுதினோம். எல்லாச் சீட்டும் பலிக்கவில்லை. முதல் வருஷம் மூன்று பிள்ளைகள் சூளைக்கு அருகே இருந்த பள்ளியில் சேர்ந்தார்கள். லாரியை எங்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் லாரி போனபின் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது. அது எங்களைக் காப்பாற்றியது.

கையில் காயம்பட்ட பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். இரண்டு விரல்கள் கடைசிவரை சரியாக மடங்கவில்லை. மற்ற விரல்களால் எழுதப் பழகினான். எட்டாம் வகுப்பு முடித்து ஊரைவிட்டுப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். வாசலில் நின்றான். இம்முறை நான் எழுந்து போனேன்.

தோழர்களே! நம் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்ப்போம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். படிவ வேலைக்குத் தனி ஆள் வேண்டும். இடம்பெயரும் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகள் வேண்டும். சம வேலைக்குச் சம சம்பளம் வேண்டும். இவை நம் சுகத்துக்கான கோரிக்கைகள் அல்ல. வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை உபாத்தியாயர் தலை நிமிர்ந்து பார்ப்பதற்கான கோரிக்கைகள்.

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும்வரை, இன்று கூட்டம் முடிந்து கலையுமுன், உங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாதம் எந்தப் பிள்ளை உங்களை வாட்டியது?" அவர் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.